விளக்கு வைக்கும் நேரத்தில் மூடிய கடை

மும்பை தாராவியில், தொண்ணூறடி ரோட்டில் பிரம்மநாயகம் ஜெனரல் ஸ்டோர்ஸ் எத்தனை மணிக்கு மூடும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் வாங்கப் போகிறவரும் ராத்திரி பதினொரு மணிக்குக் கொசுவர்த்திச் சுருள் வாங்கப் போகிறவரும் அதே அண்ணாச்சியை, அதே நாற்காலியில், அதே தொந்தியோடு பார்த்துவிட்டு வருவார்கள். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் அந்த ஷட்டருக்குத் தெரியாது.

சாயங்காலம் ஐந்து மணி. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஷர்மிளா பையைக் கழற்றி அரிசி மூட்டை மேல் எறிந்தாள். சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளில் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று இழுத்தாள். ஃபிரிட்ஜிலிருந்து கலர் பாட்டில் ஒன்று. அப்பாவின் சட்டைப் பையிலிருந்த போனை அவரைக் கேட்காமலே உருவிக்கொண்டு, எண்ணெய் டின்னுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடைக்கு மேலேதான் வீடு. ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா சண்முகவடிவு மாடியிலிருந்து சோற்றுக்குக் கூப்பிடும்வரை அந்த ஸ்டூலை விட்டு அவள் எழுந்திரிக்க மாட்டாள்.

பக்கத்துச் சந்தில் தோல் பை தைக்கும் கலீலுல்லா டீத்தூள் வாங்க வந்திருந்தார். அவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர், தென்காசிப் பக்கம். அண்ணாச்சியிடம் உரிமையோடு பேசுவார்.

"என்ன அண்ணாச்சி, பிள்ள பாட்டுக்கு எடுக்கா, கிழிக்கா, திங்கா. ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

"அவ கடை பாய் அது. அவ எடுக்கா. யாரு கேக்க முடியும்?" என்று பிரம்மநாயகம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த பெருமையைப் பார்த்திருந்தால் நீங்களும் வாயை மூடிக்கொண்டு டீத்தூளோடு போயிருப்பீர்கள்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. பதின்மூன்று வயதில் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து, குர்லாவில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு நின்றவர் அவர். வெல்ல மூட்டை பிரித்த நாளில் உதிர்ந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டார். முதலாளி, வாடிக்கைக்காரர்கள் பார்க்கப் பார்க்க, "களவாணிப் பயலே" என்று கன்னத்தில் ஓர் அறை விட்டார். எனக்கென்று ஒரு கடை வரும், எனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கும், அது எந்தப் பாட்டிலையும் யாரையும் கேட்காமல் திறக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். முடிவு தப்பென்று யார் சொல்ல முடியும்? பாசத்தில் எடுத்த முடிவு. ஆனால் பாசம் அளவு மீறினால் பிள்ளையின் ரத்தத்தில் போய் ஏறும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

நவம்பர் மாதம் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடத்தி, ஷர்மிளாவின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பினார்கள். உடனே டாக்டரைப் பார்க்கவும் என்று அதில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் பதறிப்போய் அவளை மாட்டுங்காவில் டாக்டர் ஷ்யாமளாவிடம் கூட்டிப் போனார்கள். ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரம்மநாயகம், இங்க பாருங்கோ. குழந்தைக்குப் பதினோரு வயசு. இந்த வயசுல சர்க்கரை வியாதி வாசல்ல வந்து நின்னுண்டிருக்கு. இப்பவே மாத்திரை எழுதலாம். எனக்கு மனசு வரலை. மூணு மாசம் டைம் தரேன். தினம் ஒரு மணி நேரம் நன்னா ஓடியாடி விளையாடணும். பாக்கெட், கலர் தண்ணி எல்லாம் நிறுத்தணும். மூணு மாசத்துல இறங்கலைன்னா மாத்திரைதான், வேற வழி இல்லை. ஆத்துல எல்லாருமாச் சேர்ந்து பார்த்துக்கோங்கோ."

பிரம்மநாயகம் எல்லாவற்றையும் கேட்டார். கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்கவில்லை. அவரைச் சொல்லி என்ன? டாக்டர் பிள்ளைக்குச் சொல்வது நம் எல்லார் காதிலும் விழும். நமக்குச் சொல்வதுதான் விழாது.

மறுநாளே கடையில் சட்டம் போட்டார். பாக்கெட் சரங்கள் எட்டாத உயரத்துக்குப் போயின. ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. தாதரில் போய் விலை உயர்ந்த ஷூ ஒன்றும் ஸ்கிப்பிங் கயிறு ஒன்றும் வாங்கி வந்தார். சாயங்காலம் அவள் பையை வைத்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"ஏட்டி, போ. போய் விளையாடு."

"எங்கப்பா?"

"எங்கயோ. வெளிய."

"யாரு கூட?"

"யாரு கூடயாவது. ஏட்டி, கேள்வி கேக்காத, போ."

வெளியே என்றால் நான்கடிச் சந்து. அதில் பாதியை மோட்டார் சைக்கிள்கள் பிடித்துக்கொண்டிருக்கும். மீதியில் கைவண்டி போகும். ஷர்மிளா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சந்து முனையில் பத்து நிமிடம் நிற்பாள். திரும்பி வருவாள். அப்பா அப்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் காகிதத்தில் குவித்த மிக்சருமாக இருப்பார். அம்மா மாடியிலிருந்து சுடச்சுட வடை இறக்குவாள். "உனக்கு இல்லட்டி, டாக்டர் சொல்லிருக்காங்கல்லா" என்று சொல்லிக்கொண்டே இருவரும் சாப்பிடுவார்கள். எந்தப் பிள்ளைதான் பொறுத்துக்கொள்ளும், சொல்லுங்கள்!

ஒரு மாதம் ஓடியது. எடை ஒரு கிலோ கூடியிருந்தது. பிரம்மநாயகத்துக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அரிசி மூட்டையை நகர்த்தியபோது பின்னாலிருந்து காலி பாக்கெட்டுகள் பொலபொலவென்று சரிந்தன. முப்பதுக்குக் குறையாது, ஸ்டூலில் ஏறி எடுத்திருக்கிறாள். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பயமும் கோபமும் சேர்ந்து அவருடைய நாக்கைப் பிடித்து இழுத்துவிட்டன.

"களவாணிச் சிறுக்கி! என் கடையிலயே களவாங்குதியா?"

ஷர்மிளாவின் முகம் வெளுத்தது. ஆனால் அழவில்லை.

"உங்க கடையா? என் கடைன்னு நீங்கதானப்பா சொன்னீங்க? இப்ப எடுத்தா நான் களவாணியா?" என்றாள். "எனக்கு மட்டும் எல்லாம் பந்த். நீங்க மிக்சர் திங்கீங்க. அம்மா வடை சுடுதா. என்னைய மட்டும் போ போன்னு தள்ளுதீங்க. வெளிய போனா அங்க யாருமே இல்லப்பா. சச்சி, நெசமாவே யாருமே இல்ல."

குர்லாக் கடைக்காரர் விட்ட அறை அன்றைக்குத்தான் வலித்ததுபோல அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். எந்த வார்த்தை தன் பிள்ளையின் மேல் விழவே கூடாது என்று பாடுபட்டாரோ, அதைத் தானே எடுத்து எறிந்துவிட்டார். வந்தவர்களுக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. மாடிப்படியில் நின்ற சண்முகவடிவு எல்லாவற்றையும் கேட்டாள். மகளின் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனாள்.

மறுநாள் காலையில் இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"கேட்டீங்களா, இன்னைக்கி சாயங்காலம் அஞ்சரைக்குக் கடைய அடைங்க. ஆறரைக்குத் திறந்துக்கிடலாம். நாம மூணு பேரும் கிரவுண்டுக்குப் போறோம்."

அவர் பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டார். "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? யாவாரம் நடக்க நேரம். அதுவும் விளக்கு வைக்க நேரத்துல ஷட்டர இறக்கலாமா? லட்சுமி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருவாடி!"

"லட்சுமி பதினோரு வருசமா நம்ம ஸ்டூல்லதான் உக்காந்துருக்கா. அவளுக்கு எந்திரிச்சு நடக்க மூச்சு வாங்குது. முதல்ல அவள எழுப்புவோம். வாசல்ல வாரவள அப்புறம் பாப்போம்."

"சரி, ஒரு நாள் அடைச்சுப் பாப்போம்," என்று அவர் கை கழுவ எழுந்தார்.

அந்தத் தெருவில் நம் ஊர்க் கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு கடை மூடினால் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு எதற்கும் யாரும் மூட மாட்டார்கள். அன்று ஐந்தரைக்குப் பிரம்மநாயகம் ஷட்டரை இழுத்த சத்தம் கேட்டதுதான் தாமதம், கலீலுல்லா பாதி தைத்த பையைக் கையில் பிடித்தபடியே செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி! யாரு அண்ணாச்சி? ஊர்ல யாரு?"

எதிர்க்கடை ஞானதுரை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்து பிரம்மநாயகத்தின் தோளில் கை வைத்தார். "மனசத் தேத்திக்கோங்க அண்ணாச்சி. போறவங்கள நாம பிடிச்சா வைக்க முடியும்?"

"யாரும் சாகலவே!" என்றார் பிரம்மநாயகம், வெட்கத்தில் முகம் சிவக்க. "நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு விளையாடப் போறேன்."

ஞானதுரைக்குச் சாவுச் செய்தி என்றால்கூட அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

மைதானம் பத்து நிமிட நடை. ஒரே இடத்தில் ஏழு கிரிக்கெட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் இடம் பிடித்து மூவரும் நின்றார்கள். என்ன விளையாடுவது என்று மூவருக்கும் தெரியவில்லை. பிரம்மநாயகம் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தார். கடைச்சாவி பைக்குள் இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்.

"ஸ்கூல்ல லங்கடி ஆடுவாங்க," என்று மெதுவாகச் சொன்னாள் ஷர்மிளா. "ஒத்தக் கால்ல நொண்டி நொண்டிப் போயி மத்தவங்களப் பிடிக்கணும். என்னைய சேக்க மாட்டாங்க. எங்க பேக்க மட்டும் பாத்துக்கோன்னு உக்கார வச்சிருவாங்க."

"அட, நம்ம நொண்டி!" சண்முகவடிவு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். செருப்பின் முனையால் தரையில் ஒரு கட்டம் கிழித்தாள். "நான் சின்னதுல எத்தன பேரப் பிடிச்சுருக்கேன் தெரியுமா? ஏங்க, முதல்ல நீங்க. காலத் தூக்குங்க."

"நானா?"

"பின்ன, நீங்கதான கடை முதலாளி? முதல் ஆட்டம் உங்களுக்குத்தான்."

பிரம்மநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது நொண்டலில் உடம்பு ஒரு பக்கம் போக, தொந்தி ஒரு பக்கம் போக, தொப்பென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. கிரிக்கெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஷர்மிளா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போனைப் பார்த்து ஓசையில்லாமல் சிரிக்கும் பிள்ளையைத்தான் பெற்றவர்கள் இதுவரை பார்த்திருந்தார்கள். இந்தச் சிரிப்பு அவர்களுக்கே புதுசு.

"நான் பத்து போடுவேம்ப்பா, பாருங்க!" என்று அவள் காலைத் தூக்கினாள். எட்டு போட்டாள். அப்பாவை விட இரண்டு அதிகம்! பாவம், அந்தப் பிள்ளைக்குத் தோற்கடிக்க ஓர் ஆள் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்துச் சண்முகவடிவின் போன் அடித்தது. அம்பர்நாத்திலிருந்து தம்பி செல்வம். "அக்கா, கடை அடைச்சிருக்காமே! மாமாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"மாமா இங்க ஒத்தக் கால்ல நிக்காருடே. அப்புறம் பேசுதேன்."

மறுநாளும் ஐந்தரைக்கு ஷட்டர் இறங்கியது. அதற்கு மறுநாளும். தெரு சும்மா இருக்குமா? அண்ணாச்சிக்குப் பணம் சேர்ந்து கொழுப்பு கூடிவிட்டது என்றது. பொண்டாட்டி சொல்லுக்கு ஆடுகிறார் என்றது. ஆடத்தான் செய்தார், ஒற்றைக் காலில், தினமும் ஒரு மணி நேரம். முதல் வாரம் முட்டி வீங்கித் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தார். மிக்சரை விட்ட வாரம் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் விட்டார். டீயில் சர்க்கரை அரை ஸ்பூனானது. வடைச் சட்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடுப்பேறியது. மற்ற நாளெல்லாம் சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம். மூவருக்கும் ஒரே கிண்ணம். ஃபிரிட்ஜின் பூட்டை அவரே கழற்றினார். பாக்கெட் சரங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கடை வாசலில் ஒரு வாழைத்தாரைத் தொங்கவிட்டார். பாக்கெட் விற்பதை அடியோடு நிறுத்தினாரா என்று கேட்காதீர்கள், அவரும் மனுஷன்தான். ஆனால் சின்னப் பிள்ளை சில்லறையோடு வந்தால் முதலில் பழத்தைக் காட்டினார்.

மைதானத்தில் பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. "அங்கிள், ஹமே பீ லோ நா" என்று, தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒட்டிக்கொண்டார்கள். மூன்று பேர் பத்துப் பேரானார்கள். ஷர்மிளாவை யாரும் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. கட்டம் கிழிப்பவளே அவள்தான்.

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் சோதனை வந்தது. பிரம்மநாயகம் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தபோது மெஸ் நடத்தும் மாலதி ஆட்டோவில் வந்து இறங்கினார். நாற்பது பேருக்குச் சமைப்பவர். மாதச் சாமான் மொத்தத்தையும் எழுதிய நீளச் சீட்டு அவர் கையில் இருந்தது. இத்தனை நாள் ஞானதுரை கடையில் வாங்கிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் முதன்முதலாக இங்கே வந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, சீக்கிரம் போட்டுக் குடுங்க. ஆட்டோ நிக்குது."

பிரம்மநாயகத்தின் கை ஷட்டரிலேயே நின்றது. ஷர்மிளா ஷூ மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவள் சீட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கடைக்காரன் மகளல்லவா, அவளுக்குப் புரிந்தது.

"பரவாயில்லப்பா. நாளைக்குப் போலாம்."

அவள் ஸ்டூல் பக்கம் திரும்பினாள். அந்த ஒரு அடிதான் அவரை உலுக்கியது. இன்றைக்கு உட்கார்ந்தால் நாளைக்கும் ஒரு சீட்டு வரும், நாளன்றைக்கும் வரும் என்று முப்பது வருஷம் கடை நடத்திய மனுஷனுக்குத் தெரியாதா? டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

"தாயி, ஆறரைக்கு வாங்களேன். நானே தலையில சுமந்து கொண்டாந்து மெஸ்ல இறக்குதேன். இப்ப மட்டும் முடியாது. என் பிள்ளைக்கு நேரம் இது."

மாலதி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்படியும் ஒரு யாவாரமா?" என்று சொல்லிக்கொண்டே எதிர்க்கடைக்கே போனார். ஞானதுரை அவசர அவசரமாகச் சாக்கை விரித்தார். பிரம்மநாயகம் திரும்பிப் பார்க்காமல் ஷட்டரைத் தரைவரைக்கும் இழுத்துப் பூட்டினார். அந்தப் பூட்டுக்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன். ஒரு மூட்டை வெல்லத்தையும் கைவிடத் தெரியாத ஜாதி நாங்கள் என்று பீற்றிக்கொள்ளும் மளிகைக்காரர், மகளுக்காக ஒரு மெஸ்ஸையே விட்டுக்கொடுத்தார் என்றால் லேசான காரியமா?

பிப்ரவரி நடுவில் மூவரும் மாட்டுங்காவுக்குப் போனார்கள். கிளினிக் வாசலில் பிரம்மநாயகம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி இருந்தார். உள்ளே டாக்டர் ஷ்யாமளா பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் உயரம் கூடியிருந்தது, மூச்சு சீராக இருந்தது. சர்க்கரை அளவு எல்லைக்குள் இறங்கியிருந்தது.

"மாத்திரை வேண்டாம்," என்றார் டாக்டர். சண்முகவடிவு இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். "இப்படியே விடாமப் பண்ணணும், தெரியறதா? ஷர்மிளா, கெட்டிக்காரிதான் நீ! எப்படிடீ சமாளிச்சே?"

ஷர்மிளா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி. முதல்ல அப்பா 'போ, விளையாடு'ன்னாங்க. நான் போகல. அப்புறம் கடைய அடைச்சுட்டு 'வா, விளையாடலாம்'னாங்க. போனேன். இவ்ளோதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிரம்மநாயகம் அந்த அறையிலேயே, வெட்கம் பார்க்காமல், சின்னப் பிள்ளை போல அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், காத்திருக்கும் இடத்தில் ஒருவர் தன் மகனை அதட்டிக்கொண்டிருந்தார். பையன் குண்டாக இருந்தான். கையில் போன் இருந்தது. "எப்பப் பாத்தாலும் போன்! போடா, வெளில போய்க் கொஞ்சம் ஓடியாடு," என்ற அந்த அப்பா தன் போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

பிரம்மநாயகம் அவர் முன்னால் போய் நின்றார்.

"கோவிச்சுக்கிடாதீங்க சார். 'போ'ன்னு சொன்னா அவன் போக மாட்டான், நானும் ஒரு மாசம் சொல்லிப் பாத்துட்டேன். நீங்க எந்திரிங்க, அவன் தன்னால எந்திரிப்பான். பிள்ளைக்கு என்ன வேணுமோ அதெல்லாம் என் கடையில இருக்குன்னு நெனச்சவன் சார் நான். பெத்தவங்க கூட வந்து விளையாடுத ஒரு மணி நேரம் மட்டும் எந்தக் கடையிலயும் கிடைக்காது. அத நாமதான் குடுக்கணும்."